இடது கை

டெஸ்மண்ட்,
உன் கடிதம் வந்தது.
அலமாரி அடித்தட்டில் வெள்ளைச் சட்டை ஒன்றை
விட்டுவிட்டுப் போனாயாம்,
கஃப் மடித்துப் போடுகிற சட்டை,
சனிக்கிழமைக்குள் ஸ்கார்பரோவுக்கு வேண்டுமாம்.
எதற்கென்று நீ எழுதவில்லை.
உன் தங்கை சொன்னாள்,
மீன்கடை வரிசையில், எனக்கு முன்னால் நின்றவளிடம்,
எனக்குக் கேட்கிற மாதிரி.

அனுப்பத்தான் எடுத்தேன்.
செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது.
அரசாங்கமும் சுரங்கக்காரர்களும் பேசி முடிக்கும்வரை
டாட்மார்டன் முழுக்க மெழுகுவத்திதான்.
பிக்கர்ஸ்கில் வீட்டில் மின்சார அடுப்பு,
என்னிடம் கேஸ்.
ஆகவே அவர்கள் பையன்கள் இருவரும்,
ராயிஸ்டனும் சின்னவனும்,
ஆளுக்கொரு ஸ்பூனோடு என் மேசையில்.

மாவில் பாதி எடை மாட்டுக் கொழுப்பு.
துருவினேன். விரல் மரத்துப்போனது.
ஒரு சிட்டிகை உப்பு,
சேர்ந்து வருமளவு தண்ணீர்,
அதற்குமேல் பிசையக்கூடாது,
பிசைந்தால் செருப்புத் தோல்.
நீளமாகத் தேய்த்து, ஓரத்தில் ஒரு விரல் விட்டு
ராஸ்பெர்ரி ஜாம் பூசி
பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினேன்.
சுருட்டியபிறகுதான் துணி ஞாபகம் வந்தது.

புட்டிங் கட்டும் துணி எங்கேயென்று
உனக்கே தெரியும்:
சிங்குக்குக் கீழே ஒழுகுகிற குழாயில்.
ஒரே ஒரு ராத்திரிக்கு என்று நீ கட்டியது.
இரண்டு வருஷம் ஆகிறது.

மேசையில் மாவு விரிந்துகொண்டிருந்தது.
மடித்து வைத்த சட்டை கைக்கெட்டும் தூரத்தில்.
கோபத்தில் வெட்டினேன் என்று நினைக்காதே.
கோபமென்றால் காலரிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.
தோள் தையலை நூல் நூலாகப் பிரித்தேன்,
மெழுகுவத்தியைச் சின்னவன் பிடித்துக்கொண்டான்.
வெந்நீரில் முக்கி, உள்ளே மாவு தூவி
நுழைத்தால், டெஸ்மண்ட்,
அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.
முழங்கைப் பக்கம்கூடக் கொஞ்சம் தடிப்பு.
இரண்டு முனையும் சணலால் இறுக்கி
பெரிய பானையில் இறக்கினேன்.

இரண்டு மணி நேரம்.
தண்ணீர் வற்ற வற்றக் கெட்டிலிலிருந்து ஊற்றினேன்.
மூடி தடதடத்தது.
ஜன்னலெல்லாம் வேர்த்து வழிந்தது.
உன் கதை கேட்க எனக்கே நேரமில்லை,
பையன்கள் சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

தூக்கி வெளியே எடுத்தபோது
மணிக்கட்டுப் பக்கம் ஜாம் கசிந்திருந்தது.
"இது யாருடைய கை?" என்றான் ராயிஸ்டன்.
"ஸ்கார்பரோவில் இருக்கிற ஒருத்தருடையது" என்றேன்.
"அவருக்கு வேண்டாமா?"
"வேறு கை பிடிக்கப் போகிறாராம்."
அவன் யோசித்துப் பார்த்துவிட்டு
கஃப் பக்கத்துத் துண்டைக் கேட்டான்.

கஸ்டர்டில் ஆடை கட்டியிருந்தது.
ஆடை யாருக்கென்று இருவருக்கும் சண்டை.
உனக்கும் எனக்கும் வந்ததே அதே சண்டை,
ஆனால் இவர்கள் பாதியாக வெட்டிக்கொண்டார்கள்.
இப்படியும் முடிக்கலாமென்று
நமக்குத் தோன்றவேயில்லை, பார்.

புதன்கிழமை கையைத் துவைத்தேன்.
சோடா போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன்,
கயிற்றில் தனியாக அது
பிக்கர்ஸ்கில் வீட்டுப் பக்கம் ஆட்டிக்கொண்டே இருந்தது.
கொழுப்பு போனது. ராஸ்பெர்ரி போகவில்லை.
வியாழக்கிழமை பழைய துளைகளிலேயே ஊசி விட்டு
திரும்பத் தைத்தேன்.
நல்ல தையல். யாரிடமும் காட்டலாம்.

பார்சல் இத்துடன் வருகிறது.
இடது மணிக்கட்டில் ஒரு ரோஜா நிறம் இருக்கும்,
மோதிரம் போடுகிற கைதான், என்ன செய்ய.
கோட்டைக் கழற்றாதே.
அறை சூடானால் ஜன்னலைத் திறக்கச் சொல்.
வெனிலா வாசம் அடித்தால்
அது என் கற்பனை இல்லை, கஸ்டர்டுதான்.

தபால் செலவு பதினெட்டு பென்ஸ்.
சணல் கணக்கில் சேர்க்கவில்லை.
குழாய் இன்னும் ஒழுகுகிறது,
அந்தத் துணியை மட்டும்
அவிழ்க்க வருகிறவன் யாரென்று பார்க்கலாம்.